மூன்றாம் வரிசை, நான்காம் குழி

பனி வாரும் வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு
வீடு வந்தபோது மைல்ஸ் சிட்டி இருட்டியிருந்தது.
கராஜில் ஹீட்டரைப் போட்டேன்.
விரல்கள் என் பேச்சைக் கேட்கக் கால் மணி நேரமாகும்.
அதற்குள் சூப் குடித்தாயிற்று, நின்றபடியே.

முப்பத்திரண்டு காலிபர். சின்ன ஜாதி.
வியாழக்கிழமை கிளப்பில் தகரத் தட்டுகளைச் சுட.
டெல்மர் தன் நாற்பத்தைந்தைத் தட்டிக்கொண்டு சிரிப்பான்:
"அதை வைத்து எதைக் கொல்வாய் நெட்டா, கொசுவையா?"
தட்டு விழுகிறது, டெல்மர்.
எனக்கு அது போதும்.

கடைக்கு எப்போதாவது ஒரு பெட்டி வரும்,
வந்தாலும் யானை விலை.
ஆகவே சுட்ட கூடுகளை நானே குனிந்து பொறுக்கி
கழுவி, பளபளக்க உருட்டி, மறுபடி அடைக்கிறேன்.
பலகையில் ஐந்து வரிசை, வரிசைக்குப் பத்துக் குழி.
ஒரு கூட்டிலும் என் சுண்டுவிரல் நுழையாது.
ஒன்றுக்குப் போகும் மருந்து
கடுகு தாளிக்கக்கூடக் காணாது;
மூச்சு விட்டால் தராசு முள் நகரும்.

மருந்து போட்டதும் டார்ச் அடித்து
ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்ப்பது என் சட்டம்.
அன்று பார்க்கவில்லை.
தோளுக்கும் காதுக்கும் நடுவே போன்,
மைனாட்டிலிருந்து என் தங்கை ஆர்லிஸ்.
வைக்கோல் விலை. புயல் எச்சரிக்கை.
வேடுக்கு மறுபடி எண்ணெய்க் கிணற்றில் வேலை.
கைப்பிடியை இழுத்தேன், குண்டை வைத்தேன், அழுத்தினேன்.
ஐம்பதும் முடிந்தபோது அவளும் வைத்துவிட்டாள்.

ஐம்பதும் ஒன்றுபோல மினுங்கின.
ஏதோ ஒன்றை மட்டும் நம்ப முடியவில்லை.
எது என்று தெரியவில்லை.

நிறுத்துப் பார்த்தேன். பயனில்லை:
கூட்டுக்கும் கூட்டுக்கும் உள்ள வித்தியாசமே
மருந்தின் எடையைவிட அதிகம்.

இரண்டு தரம் மருந்து விழுந்திருந்தால் கை போகும்.
அதைவிட எனக்குப் பயம் வெறுங்கூடு.
பக்கத்து அறையில் யாரோ அலமாரியை மூடியது போல
'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.
குண்டு பாதிக் குழலில் நின்றுவிடும்.
ஒன்றுமில்லை என்று நினைத்து அடுத்ததைச் சுடுவோம்.
வெடிப்பது அடுத்ததுதான்,
நம் முகத்துக்கு நேரே.

சுத்தியல் போன்ற அந்தப் பிளாஸ்டிக் சாமானில்
ஒவ்வொன்றாய் மாட்டி, தரையில் ஓங்கித் தட்டினேன்.
குண்டு ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம்.
முதல் வரிசை சரி.
இரண்டாம் வரிசை சரி. மணிக்கட்டு விண்ணென்றது.
இருபத்து நாலாவதில் குண்டு மட்டும் விழுந்தது.
உதறினேன். ஊதினேன். ஒன்றுமில்லை.

மூன்றாம் வரிசை, நான்காம் குழி.
அப்போது என்ன பேசிக்கொண்டிருந்தோம்?
வைக்கோல் இரண்டாம் வரிசையில் முடிந்துவிட்டது.
வேடின் வேலை இருபத்து ஒன்று, இரண்டு.
அப்புறம், "மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறேன்,
படியில் பனி, வழுக்கிவிட்டது, அவ்வளவுதான்,"
ஒரு சின்னச் சிரிப்பு.
என் கை நின்றிருக்கிறது.
வாய் நிற்கவில்லை:
"படியில் உப்புத் தூவச் சொல்லு வேடை" என்றது.

நவம்பரிலும் விழுந்தாள்.
நவம்பரில் படியில் பனி இல்லை.

இங்கே பன்னிரண்டே கால், அங்கே ஒன்றே கால்.
மணி அடித்தால் முதலில் விழிப்பது வேட்.
நாலு மணிக்குக் கிணற்றுக்குக் கிளம்பிவிடுவான்.
மீதி இருபத்தாறையும் பிரித்தேன்,
ஒன்று கிடைத்துவிட்டது என்பதற்காக
மற்றவற்றை நம்பலாமா என்ன.
எல்லாம் சரியாகவே இருந்தன.

பிஸ்டல் பெட்டகத்தில் பூட்டியே இருக்கிறது.
அதற்கு இதில் வேலையில்லை.
கொட்டகைக்குப் போன் செய்து
காய்ச்சல் என்றேன், பதினோரு வருடத்தில் முதல் முறை.
பிறகு பிக்கப்பின் பின் சீட்டில் கிடந்த
உப்பு மூட்டைகளை ஒவ்வொன்றாய் இறக்கினேன்.
ஒருத்தி காலை மடக்கிப் படுக்கலாம்,
இரண்டு பெட்டியும் வைக்கலாம்,
நாய் வந்தால் நாயும்.